கடலூர்-பாண்டி எல்லையில இருக்கிற முள்ளோடை தாண்டினா என்ன மாறுது? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

பையன் குரூப் தேர்வுக்குச் சத்தம் போட்டுப் படிச்சிட்டிருந்தான். ஒரு நாட்டோட வளர்ச்சியையும் மக்களோட வாழ்க்கையையும் மலை, ஆறு, கடற்கரைதான் தீர்மானிக்குதுன்னு ஒரு பாடம். பாதி சரி, பாதி இல்லடான்னேன். "மீதிப் பாதிய யாருப்பா தீர்மானிக்கிறா?"ன்னான். வாயால சொல்லத் தெரியல. மறுநாள் என்கூட பாண்டி பஸ்ஸுல ஏத்திட்டேன்.

14 வருஷமா வேலைக்குப் போய்வர்ற ரூட்டு. 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தென்பெண்ணைப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை. வழி முழுக்க அதே நெல்லு, அதே கரும்பு, அதே சவுக்கு. முள்ளோடையில மண்ணு மாறாது, போர்டு மாறும். பெட்ரோல் பங்குல ஒரு கூட்டம், சாராயக் கடையில ஒரு கூட்டம், பாதிப் பேர் எங்க ஊர்க்காரங்க. திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல பையைத் துழாவுவாங்க. என் டிபன் பாக்ஸையே ஒருநாள் திறந்து பார்த்தாங்க. உள்ள எலுமிச்சை சாதம்.

பாடத்துல சொன்னது எங்க சரின்னும் அவனுக்குக் காட்டினேன். நம்ம கரையில பெரிய கப்பல் ஒதுங்க இயற்கையா இடம் கிடையாது. ஆத்து வாய்தான் துறை. ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைச்ச அரிக்கமேடு அரியாங்குப்பம் ஆத்தோரம். கடலூர்த் துறை உப்பனாத்தோரம். கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கு படகுல வரும். உள்ள தள்ளி நெசவு ஊர்கள். துணி வாங்கத்தானே வந்தாங்க! 1674-ல பிரெஞ்சுக்காரங்க பாண்டியில உக்காந்தாங்க, 1690-ல இங்கிலீஷ்காரங்க கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கினாங்க. அதுவரைக்கும் கடலும் ஆறும் செஞ்ச வேலை. அதுக்கப்புறம்?

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து:

அதுக்கப்புறம் பீரங்கி, அண்ணே. செஞ்சி மராட்டியர்கிட்ட கோட்டையை வாங்கினப்போ, கோட்டையிலிருந்து சுட்டா குண்டு எதுவரைக்கும் போய் விழுதோ அதுவரைக்கும் நிலமும் சேர்த்துன்னு ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டாங்க. உள்ள சிக்கின ஊரெல்லாம் குண்டு கிராமம். குண்டு உப்பலவாடி இன்னமும் அதே பேர்லதான் இருக்கு, டவுன்ல குண்டுசாலையும் இருக்கு. சின்ன வயசுல அந்த ஊர்க்காரங்க எல்லாம் குண்டா இருப்பாங்கன்னு நெனச்சுப் போய் ஏமாந்தவன் நான்.

பாண்டியிலிருந்து:

எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துல இந்தோசீனா வரைக்கும் போய் வந்தவர். 1954 நவம்பர் 1-ந் தேதியே பாண்டி ஆட்சி இந்தியா கைக்கு மாறிடுச்சு, ஆனா அதுக்கான ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். தாத்தா எழுதிக் குடுத்தார். அவர் தம்பி, அதே வீடு, "பொறந்த ஊர்ல இருக்க எதுக்குய்யா கடுதாசி"ன்னு விட்டுட்டார். இப்ப என் தங்கச்சி பாரிஸ்ல ஓட்டுப் போடுறா. சின்னத்தாத்தா பேரன் வில்லியனூர்ல ஆட்டோ ஓட்டுறான். நல்லாத்தான் இருக்கான், குறையா சொல்லல. ஆனா இதுல மலை எங்க, ஆறு எங்க?

தந்திராயன்குப்பத்திலிருந்து:

எல்லாரும் கோடு கோடுன்னு பேசுறீங்க. அந்த எல்லைக்கோட்டை மதிக்காத ஒண்ணு இருக்கு, மணல். நாங்க தமிழ்நாடு, ஆனா எங்க கரையை எடுத்தது பாண்டி முகத்துவாரம்.

வருஷத்துல முக்கால்வாசி நாள் இந்தக் கடல்ல மணல் தெக்கேருந்து வடக்க நகரும். மழைக்காலத்துல கொஞ்சம் திரும்பி வரும். வடக்க போறதுதான் அதிகம். 80-கள் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து வாயில துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள்ள கை நீட்டினாங்க. மணல் அந்தக் கைக்குத் தெக்கேயே நின்னுடுச்சு. அதை அள்ளி வடக்க கொட்டிக்கிட்டே இருக்கணும், அது ஒழுங்கா நடக்கல. காந்தி சிலைக்கு முன்னாடி இருந்த மணல் காணாமப் போச்சு. ரோட்டைக் காப்பாத்தக் கருங்கல் போட்டாங்க. கல்லு போட்ட இடம் தப்பிச்சுது, கல்லு முடியுற இடத்துலேருந்து கடல் தின்ன ஆரம்பிச்சுது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் நாங்க. கட்டுமரத்தை ஏத்தி வைக்க இடம் வேணும், வலை காயப் போட இடம் வேணும். எங்கப்பா கரைவலை இழுத்த இடம் இப்ப தண்ணிக்குள்ள. ஆள் நிக்கக் கரையில்லாம கரைவலை எப்படி இழுக்கிறது?

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள்ள ஆப்பு மாதிரி இரும்புக் கட்டுமானம் இறக்கினதுலேருந்து காந்தி சிலைகிட்ட மணல் திரும்பி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அங்க போய் கால் நனைக்கிறீங்களே, அது அதான். எங்க பக்கம் கல்லு மட்டும்தான் வந்துச்சு.

மஞ்சக்குப்பத்திலிருந்து, மறுபடியும்:

தம்பி, ஒத்துக்கிறேன். தண்ணியும் அப்படித்தான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரையேறி நகராம நின்னு, அங்க ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு. அன்னைக்கு எங்க தெரு தப்பிச்சுது. அப்புறம் அது மேற்க போய் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஊத்த, சாத்தனூர் அணையைத் திறந்தாங்க. இங்க மழை விட்டு, துணி காயப் போட்ட பிறகு தென்பெண்ணை வீட்டுக்குள்ள வந்துச்சு. நந்தி மலையில பொறக்கிற ஆறு, வருஷத்துல பாதி நாள் மணலாக் கிடக்குற ஆறு.

என் மாமியார் வீடு பாகூர் பக்கம், ஆத்துக்கு வடகரை. அங்கயும் அதே தண்ணி, அதே சேறு, அதே செத்த கோழி. நிவாரணம் மட்டும் அங்க கார்டுக்கு 5,000, இங்க 2,000. சேறு வாரிக் கொட்ட வந்த மச்சான், மண்வெட்டியை ஊன்றிக்கிட்டு, "மாமா, அக்காவைக் கட்டினதுக்கு நீங்க வீட்டோட மாப்பிள்ளையா வந்திருக்கலாம், மூவாயிரம் மிச்சம்"ங்கிறான்.

பையன் இதைத் தேர்வுல எழுதலாமான்னு கேட்டான். மார்க் வராதுடா, புத்தகத்துல இருக்கிறதையே எழுதுன்னுட்டேன்.