‘சில சமயம்’ மட்டும் தோற்கும் கையொப்பம்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

எங்கள் டெஸ்டர் இப்படி எழுதி வைத்திருந்தார்: “சில சமயம் டிஜிட்டல் கையொப்பத்தை சர்வர் ஏற்பதில்லை. மறுபடி அழுத்தினால் போகிறது.” இந்தச் ‘சில சமயம்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நெட்வொர்க் கோளாறு என்று சொல்லியே இரண்டு நாள் ஓட்டினேன்.

பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று பிரவுசரில் ஈசிடிஎஸ்ஏ (ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் போடும் முறை) கையொப்பம் போடும், அதற்கான கணித வளைவு பி-256. கடைசியில் ஒரு லூப் எழுதி ஆயிரம் கையொப்பம் போட்டுப் பார்த்தேன். எட்டு தோற்றன. மறுபடி ஓட்டினால் ஏழு. தோற்றவற்றை மட்டும் பிரித்து நீளத்தைப் பார்த்தால், 64 பைட் இருக்க வேண்டிய இடத்தில் 63.

கையொப்பம் என்பது ஆர், எஸ் என்று இரண்டு எண்கள், தலா 32 பைட். எண்ணை பைட்டாக மாற்றும்போது முன்னால் நிற்கும் பூஜ்யத்தை லைப்ரரி தூக்கிப் போட்டுவிடுகிறது. கணக்கு வாத்தியாருக்கு 007-ம் 7-ம் ஒன்றுதான். சர்வர் முதல் 32 பைட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி எடுக்கிறது, ஆரில் ஒன்று குறைந்தால் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகிறது, எஸ்ஸில் குறைந்தால் கடைசியில் 32 பைட் தேறாது. முதல் பைட் பூஜ்யமாக வர 256-ல் ஒரு வாய்ப்பு. எண்கள் இரண்டு, ஆகவே ஏறக்குறைய 128-ல் ஒன்று. ஆயிரத்துக்கு எட்டு! திருத்தம் ஒரே வரி: முன்னால் பூஜ்யம் நிரப்பு.

ஃபைலைத் திறந்த கையோடு கீழேயும் படித்தேன். படித்திருக்கவே வேண்டாம். சாவி உருவாக்கும் இடத்தில், பிரவுசரின் கிரிப்டோ கிடைக்காவிட்டால் மேத்.ரேண்டம் (ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண தற்செயல் எண் ஃபங்ஷன்) எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை கிடையாது. சாவி பிறக்கும், கையொப்பம் செல்லும், டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் மேத்.ரேண்டம் பாதுகாப்புக்காகச் செய்ததே இல்லை. குரோமில் அது தரும் சில எண்கள் கையில் இருந்தால் அடுத்து வருவதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பூஜ்யப் பிழையாவது தோற்றுக் காட்டிக்கொடுத்தது. அன்றைக்கே லைப்ரரியைக் கழற்றிவிட்டு, பிரவுசரிலேயே இருக்கும் வெப் கிரிப்டோவுக்கு மாறினோம். அந்தத் தலைவலி தனிக்கதை.

* * *

முதல் பதில்: வெப் கிரிப்டோவுக்கு மாறினால் முதலில் விழும் குழி இது. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) எல்லாம் ஓடும். அதையே ஃபோனில் 192.168 என்று தொடங்கும் வீட்டு நெட்வொர்க் முகவரி போட்டுத் திறந்தால், பூட்டுவது, கையொப்பமிடுவது எல்லாம் செய்யும் கிரிப்டோ.சப்டில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது இல்லவே இல்லை. பிரவுசர் பழசு என்று நினைத்து அப்டேட் செய்தேன், வேறு ஃபோன் கூடக் கடன் வாங்கினேன். விஷயம் அதுவல்ல, எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு சப்டில் கிடையாது; லோக்கல்ஹோஸ்ட் போன்ற சொந்தக் கணினி முகவரிக்கு விலக்கு. அதே பக்கத்தில் தற்செயல் எண் தரும் கெட்ரேண்டம்வேல்யூஸ் மட்டும் ஒழுங்காக ஓடும், அதனால்தான் இன்னும் குழம்பினேன்.

* * *

இரண்டாம் பதில்: என் கதையில் குற்றவாளி ஓர் எழுத்து. கடவுச்சொல்லிலிருந்து பிபிகேடிஎஃப்2 (கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றும் முறை) வழியாகச் சாவி எடுத்துக் குறிப்புகளைப் பூட்டும் பக்கம் ஒன்று எழுதினேன். கடவுச்சொல்லைத் தமிழிலேயே வைத்தேன் (யாரும் ஊகிக்க மாட்டார்களாம்!). லேப்டாப்பில் பூட்டியது ஃபோனில் திறக்கவில்லை. வந்தது ‘ஆபரேஷன்எர்ரர்’, விளக்கம் காலி. பூட்டப் பயன்படுத்திய ஏஇஎஸ்-ஜிசிஎம் முறை அப்படித்தான்: சாவி தப்பா, தரவு கெட்டதா என்று வாய் திறக்காது.

இரண்டு பக்கமும் ஹெக்ஸில் அச்சிட்டு வரிசையாக ஒப்பிட்டேன். ஐவி (ஒவ்வொரு பூட்டலுக்கும் புதிதாக வரும் தொடக்க எண்) 12 பைட், சரி. கடைசி 16 பைட் டேக் (தரவு மாறவில்லை என்று காட்டும் முத்திரை), சரி. கடவுச்சொல்லோடு கலக்கும் சால்ட்டும் சரி. அப்புறம்தான் கடவுச்சொல்லையே பைட்டாக்கிப் பார்க்கத் தோன்றியது. ஒரு பக்கம் மூன்று பைட் கூடுதல்.

‘கொ’! ஒரு கீபோர்ட் ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒற்றை எழுத்தாகப் போட்டிருந்தது, யுடிஎஃப்-8-ல் (எழுத்தை பைட்டாக்கும் முறை) மொத்தம் 6 பைட். இன்னொன்று கொம்பு தனி, கால் தனி என்று போட்டது, 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பைட்டாக்கும் முன் என்எஃப்சி-க்கு (பிரிந்த குறிகளை ஒற்றை எழுத்தாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் செய்ததும் திறந்துகொண்டது.

* * *

மூன்றாம் பதில்: என்னுடையது சின்னது, ஆனால் வலித்தது. வெளியே எடுக்க முடியாதபடி வெப் கிரிப்டோவில் சாவி உருவாக்கி, அதை ஜேசனாக்கி (வெறும் எழுத்து வடிவத் தரவாக்கி) பிரவுசரின் லோக்கல்ஸ்டோரேஜில் வைத்தேன். பக்கத்தை ரீலோட் செய்யும்வரை பிரமாதமாக ஓடியது. உள்ளே பார்த்தால் {}. கிரிப்டோகீயை, அதாவது வெப் கிரிப்டோவின் சாவிப் பொருளை, ஜேசனாக்கினால் வெற்று அடைப்புக்குறிதான் மிஞ்சும். இண்டெக்ஸ்ட்டிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) அப்படியே போட்டிருந்தால் இருந்திருக்கும். அந்தச் சாவியால் பூட்டிய சோதனைத் தரவு இன்னும் சர்வரில் கிடக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.