தெருவிளக்கு லென்ஸ்: ஒளிமூலத்தை எப்படி வரையறுப்பது?

கேள்வி (சென்-பியேர், ரீயூனியன்):
வணக்கம். கடற்கரைச் சாலைக்கான எல்.இ.டி. தெருவிளக்கின் அக்ரிலிக் லென்ஸை ஜீமாக்ஸ் என்ற ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து வருகிறேன். ஏப்ரல் மாதத்தில் மலைக் கூடுகளை விட்டு முதன்முறையாகக் கடலுக்குப் பறக்கும் பாரோ பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் விளக்கொளியில் திசை தடுமாறித் தரையில் விழுகின்றன. சென்ற ஆண்டு ஒன்றை நானே அட்டைப்பெட்டியில் வைத்து மீட்புக் குழுவிடம் ஒப்படைத்தேன். ஆகவே கிடைமட்டத்துக்கு மேலே ஒளி கசியக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஒளிமூலத்தைக் கொசைன் பரவலுள்ள (நேரெதிரே அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் ஒளிரும்) ஒரு புள்ளியாக வைத்தபோது மேல்நோக்கிய ஒளி சுழியம் என்று மென்பொருள் காட்டியது. ஆனால் மாதிரி லென்ஸை இருட்டறையில் ஏற்றிப் பார்த்தால், விளக்கின் மட்டத்துக்கு மேலே அறைச்சுவரில் மெல்லிய ஒளிப்பட்டை தெரிகிறது. எங்கே தவறினேன்?

பதில் (ரோஸ் ஹில், மொரீஷியஸ்):
ஒளிமூலத்தைப் புள்ளியாக எடுத்ததே காரணம் என்று நினைக்கிறேன். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49 என்பதால் மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகை; பரப்பின் செங்குத்துக்கோட்டிலிருந்து இதைவிடப் பெரிய கோணத்தில் உள்ளிருந்து படும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பும் (முழு அகப் பிரதிபலிப்பு). உங்கள் லென்ஸின் பின்சுவரை ஒளிமூலத்தின் நடுப்புள்ளியிலிருந்து வரும் கதிர் 45 பாகையில் தொட்டால், முழு அகப் பிரதிபலிப்புக்கு மிச்சமிருப்பது மூன்று பாகைதான். மெய்யான எல்.இ.டி.யின் ஒளிரும் பரப்பு சில மில்லிமீட்டர் அகலமுடையது. அதன் ஓரத்திலிருந்து கிளம்பும் கதிர்கள் அந்த மூன்று பாகையை எளிதில் தின்றுவிட்டு, சுவரைக் கடந்து வெளியேறிவிடும். எல்.இ.டி. தயாரிப்பாளர் தரும் கதிர்க் கோப்பை (ஒவ்வொரு கதிரும் கிளம்பும் இடமும் திசையும் கொண்ட பட்டியல்) இறக்கி, 'சோர்ஸ் ஃபைல்' பொருளாகச் சேருங்கள். ஐ.ஈ.எஸ். கோப்பு இதற்கு உதவாது. அது தொலைவில் அளந்த திசைப் பரவலை மட்டுமே சொல்லும், கதிர் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதைச் சொல்லாது.

பதில் (டர்பன்):
கோப்பின் ஆதிப்புள்ளி எல்.இ.டி.யின் அடிப்பாகத்திலா, ஒளிரும் பரப்பிலா என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்துவிட்டு இடம் அமையுங்கள். கதிர்களின் தொடக்கப் புள்ளிகள் லென்ஸின் குழிக்குள்ளேயே அடங்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு உள்ளே தொடங்கினால் முதல் ஒளிவிலகல் தப்பிப்போய், முடிவு முழுவதும் பொய்யாகும். எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 10,000 கதிர்களில் 1 விழுக்காடு மேலே போனால் 100 கதிர்கள்தான். அதிலேயே 10 விழுக்காடு ஏற்ற இறக்கம் வரும். பத்து லட்சமாவது விடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி ஐயா. பத்து லட்சம் கதிர்களுடன் ஓட்டியதும், அறைச்சுவரில் கண்ட அதே உயரத்தில் பட்டை திரையிலும் வந்துவிட்டது. லென்ஸின் பின்சுவரைச் சாய்த்துக் கோணத்தை 52 பாகைக்கு மாற்றியிருக்கிறேன். புதிய மாதிரியை ஏப்ரலுக்கு முன் ஏற்றிவிடுவேன்.