வேலியில் களா: உங்கள் தோட்டத்தில் எப்படி இருக்கிறது?

திண்டுக்கல் பக்கத்து உறுப்பினர்:

எங்கள் நிலத்தின் மேற்கு எல்லையில் கம்பி வேலி கிடையாது, பெருங்களாதான்; புளிப்புக் காய் தரும் முட்செடி, சுருக்கமாகக் களா. ஆடு நுழையாது, மாடு நுழையாது, கோடையிலும் பச்சை மாறாது. வேலிக்கு இதைவிட நல்ல செடியை நான் பார்த்ததில்லை.

பார்க்க வருபவர்கள் பலர் சூரை என்ற இன்னொரு முட்செடியையும் களாவையும் குழப்பிக்கொள்கிறார்கள். சூரை முள் கொக்கிபோல் வளைந்து துணியை இழுக்கும். இலைகள் மாறி மாறி இருக்கும். களாவுக்கு இலைகள் எதிரெதிரே, தடிப்பாக, மேலே பளபளப்பாக இருக்கும். முள் நேரானது, கணுவில் இரட்டையாக நிற்கும், சிலவற்றில் நுனி பிளந்திருக்கும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வர வேண்டும். ஆனால் பாலை மட்டும் நம்பிப் பழத்தை வாயில் வைக்காதீர்கள். நஞ்சுள்ள அரளியும் இதே குடும்பம்தான், அதற்கும் பால் உண்டு, முள் கிடையாது. முள், எதிரிலை, பால், கொத்துக் காய் நான்கும் சேர்ந்தால்தான் களா. குழந்தைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நாற்றுக்கு நன்றாகக் கறுத்த பழத்தின் விதையை எடுத்து, கழுவி, உடனே விதைத்துவிடுங்கள். காயவைத்து நாள் கடத்தினால் முளைக்கும் திறன் குறைந்துவிடும். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வேர்விட வைப்பது கடினம். முதல் இரண்டு வருடம் மிக மெதுவாகத்தான் வளரும். அதுவரை ஆடு கடிக்காமல் காப்பாற்றுவதுதான் வேலை. வேலிக்கு இரண்டடி இடைவெளி போதும். செம்மண்ணோ சரளையோ எதுவும் ஆகும், தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர்:

அண்ணா, எங்கள் வீட்டில் செடி அடர்ந்து நிற்கிறது, காய்தான் இல்லை. மாதாமாதம் கத்தரித்து ஒழுங்காக வைத்திருக்கிறோம். உரம் போடலாமா?

திண்டுக்கல் பக்கத்து உறுப்பினர்:

உரம் வேண்டாம், தங்கச்சி. கத்தரிக்கோலை ஓரமாக வையுங்கள். களா கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் நுனியை வெட்டினால் பூவும் சேர்ந்தே போய்விடும். காய் பறித்து முடிந்தபின் ஒருமுறை வெட்டுங்கள், பிறகு தொடாதீர்கள். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் மல்லிகை மணத்தோடு பூக்கும், ஆனி, ஆடியில் பழுக்கும். பச்சை, இளஞ்சிவப்பு, கறுஞ்சிவப்பு என ஒரே கொத்தில் மூன்று நிறமும் நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து உறுப்பினர்:

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு ஒன்று. காயை நறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பால் பிசினாக ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் விடாது. பிஞ்சைப் பிளந்தால் வெட்டுவாயில் முத்து முத்தாக அந்தப் பால் திரளும். உப்பு நீரில் ஊறவிட்டு வடித்த பிறகே மிளகாய்ப் பொடி சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். கறுத்த பழத்தைச் சர்க்கரையுடன் கொதிக்க விட்டால் அருமையான சிவப்புச் சாறு கிடைக்கும். கடையில் கேக்கின் மேல் வைக்கும் சிவப்புச் ‘செர்ரி’ பெரும்பாலும் பாகில் ஊறிச் சாயமேறிய களாதான் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை!

சென்னை உறுப்பினர்:

மொட்டை மாடித் தொட்டியில் நான் வளர்ப்பது தென்னாப்பிரிக்கக் களா. முள் தெளிவாகக் கவை போலப் பிளந்திருக்கும், பூ பெரியது, பழம் பிளம் அளவுக்குத் திரண்டு சிவப்பாகவே பழுக்கும், கறுக்காது. நர்சரியில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், முள்ளைப் பார்த்து வாங்குங்கள். இதன் தாயகத்தில் வண்டுகளும் இரவில் பறக்கும் பூச்சிகளும் மகரந்தம் சேர்க்கும். இங்கே பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. வேறொரு செடியின் பூவிலிருந்து மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு வைத்த பிறகே காய் பிடித்தது. வெயில் முழுதாக விழும் மூலையில் வையுங்கள். நடைபாதை ஓரம் வேண்டாம், குழந்தைகளின் கண்ணுக்கு நேராக முள் நிற்கும்.