பின்மூடி திறக்காத கைப்பேசி யாருக்குச் சொந்தம்?

சாலைவிளக்கு:
சென்ற வாரம் அம்மாவின் கைப்பேசித் திரைக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. இரண்டே நாளில் விரல்நகம் நுழையும் அளவுக்கு அது விரிந்துவிட்டது. உள்ளே பேட்டரி உப்பித் திரையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வாங்கி நான்கு ஆண்டுகளே ஆன, ஒரு கீறல்கூட விழாத கைப்பேசி அது. சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றால், அந்த மாடலுக்குப் பேட்டரி வரத்து நின்றுவிட்டது, வேண்டுமானால் புதிய கைப்பேசிக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் ஒரே வழியில்தான் நடக்கின்றன.

அதே வீட்டில், மேசை இழுப்பறைக்குள் ஒரு நோக்கியா 1100 கிடக்கிறது. 2003இல் வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். அதன் பிஎல்-5சி பேட்டரியை எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கி, பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளிக் கழற்றி, அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். பேட்டரி தேய்ந்து தீரும் பொருள் என்பதை அன்று அதைச் செய்தவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இன்று தேயும் பொருளைத் தேயாத பொருளோடு பசை போட்டு ஒட்டிவிட்டு, முன்னது தீரும்போது பின்னதையும் தூக்கி எறியச் சொல்கிறார்கள். இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அன்று, நிறுவனங்கள் எடுத்த முடிவு என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

அளவுகோல்:
உங்கள் அம்மாவின் கைப்பேசிக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம்-அயன் செல்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிஎல்-5சி ஓர் உலோகக் கூட்டுக்குள் அடைத்த செல். இன்றைய கைப்பேசிகளில் இருப்பது மெல்லிய அலுமினியத் தாள் உறைக்குள் உள்ள செல். விரலால் அழுத்தினாலே குழியும். அதைப் பயனர் கையில் கொடுப்பதென்றால் தனியே ஒரு கடினமான உறை, தொடுமுனைகள், அதை ஏந்தும் பள்ளம், அதற்கு மேல் கழலும் மூடி எல்லாம் வேண்டும். அவை விழுங்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேட்டரியின் கொள்ளளவில் குறையும். தண்ணீர் புகாமை அடுத்த காரணம். மழையில் நனைந்தும் பிழைத்த கைப்பேசிகளின் எண்ணிக்கையையும் நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேலும், கழற்றக்கூடிய பேட்டரி பாதுகாப்பானது என்ற நினைப்புக்கு அதே பிஎல்-5சி தான் மறுப்பு. 2007 ஆகஸ்டில், ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது.

சாலைவிளக்கு:
நீங்கள் காட்டிய சான்றே எனக்கும் துணை நிற்கிறது. 2007இல் பழுதான பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கைப்பேசி உரியவரிடமே இருந்தது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது ஏறத்தாழ 25 லட்சம் கைப்பேசிகளை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கோளாறு பேட்டரியில் என்று அந்த நிறுவனமே பின்னர் விளக்கியது. திரை, கேமரா, செயலி எல்லாம் நன்றாக இருந்த கருவிகள் ஒரு செல்லுக்காகச் சந்தையிலிருந்தே மறைந்தன.

தண்ணீர் பற்றிச் சொன்னீர்கள். 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5 நினைவிருக்கிறதா? பின்மூடியை நகத்தால் உரித்து எடுக்கலாம். உட்புறம் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் ஓடும். மூடியதும் சரியாக அழுத்தினீர்களா என்று திரை நினைவூட்டும். அதற்கு ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி67 தரமும் இருந்தது, 2800 எம்ஏஎச் (கொள்ளளவின் அலகு) பேட்டரியும் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த எஸ்6இல் பேட்டரியை உள்ளே வைத்து அடைத்தார்கள். கொள்ளளவு 2550ஆகக் குறைந்தது, தண்ணீர் தாங்கும் தரமும் போனது. அடைத்தால் கூடும் என்று நீங்கள் சொன்ன இரண்டுமே அடைத்த ஆண்டில் குறைந்திருக்கின்றன. கைக்கு வந்தது கண்ணாடி முதுகும் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான மெலிவும்தான்.

அளவுகோல்:
எஸ்6 பற்றி நீங்கள் சொல்வது சரி, அது மெலிவுக்காகக் கொடுத்த விலை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்தக் கூடாது. 2016இல் வந்த எஸ்7 அடைத்த உடலோடு, எஸ்5ஐவிடச் சற்று மெலிந்து, 3000 எம்ஏஎச் பேட்டரியும் ஐபி67ஐவிட மேலான ஐபி68 தரமும் கொண்டிருந்தது. எஸ்5இல் சார்ஜ் துளைக்குத் தனியாக ஒரு சிறு மூடி இருந்ததையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து, மறக்காமல் மூடினால்தான் தண்ணீர் புகாது. மறந்துபோனால் ஐபி67 என்பது வெறும் எழுத்து. எஸ்7இல் அந்த மூடியே இல்லை.

நோட் 7 செய்தியிலும் ஒரு திருத்தம். முதலில் பழுதானவற்றுக்குப் பதிலாகக் கொடுத்த கைப்பேசிகளில் வேறொரு நிறுவனத்தின் செல்கள் இருந்தன; அவற்றிலும் வேறு விதமான கோளாறால் தீப்பிடித்தது. கழற்றக்கூடியதாக இருந்திருந்தால் பழுதான ஒரு பேட்டரிக்குப் பதில் பழுதான இன்னொன்றை மக்கள் தங்கள் கையாலேயே மாட்டியிருப்பார்கள். எனினும், கருவிகளாவது மிஞ்சியிருக்கும் என்ற உங்கள் வாதத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ரிச்சி தெருப் பணிமனை:
சென்னையில் பதினாறு ஆண்டுகளாகக் கைப்பேசி பழுதுபார்க்கிறேன். இருவரும் மூடியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மேசையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதுகைச் சூடேற்றி, மெல்லிய தகட்டைச் செருகி விளிம்பைச் சுற்றி அறுத்தால் மூடி வந்துவிடும். அதில் கடினம் ஏதுமில்லை. பேட்டரிக்கு அடியில் உள்ள பசைதான் சோதிக்கும். இழுத்து எடுக்கும் பட்டை வைத்த மாடல்களில் அந்தப் பட்டை பாதியிலேயே அறுந்துபோகும். பிறகு ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். உப்பிய செல்லாக இருந்தால் உலோகக் கருவியைக் கிட்டேயே கொண்டுபோக மாட்டேன். ஒரு துளை விழுந்தால் புகையும் தீயும்தான். இதையெல்லாம் பழகிய கை இருபது நிமிடத்தில் முடித்துவிடும்.

முடியாதது இதற்குப் பிறகுதான். ஐபோனில் வேறு பேட்டரி போட்டால் அறியாத பாகம் என்று திரையில் செய்தி வருகிறது, பல மாடல்களில் பேட்டரியின் ஆரோக்கிய அளவும் மறைந்துபோயிருக்கிறது. நிறுவனமே செய்த ஒரிஜினல் பேட்டரியை இன்னொரு கைப்பேசியிலிருந்து கழற்றிப் போட்டபோதும் 2019 முதல் பல மாடல்களில் இப்படி நடந்திருக்கிறது. அதைத் தவிர்க்க, பழைய பேட்டரியின் தலையில் உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகையை வெட்டி எடுத்துப் புதிய செல்லின் மீது ஸ்பாட் வெல்டிங் செய்கிறோம். ஒரு பேட்டரி மாற்றத்துக்கு இத்தனை அறுவைசிகிச்சை தேவையா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டத்தில், பாகத்தை மென்பொருளால் கட்டிப்போடும் இந்தப் பழக்கத்துக்குத் தடை இருக்கிறது. எனக்கு நகத்தால் திறக்கும் மூடி வேண்டாம். ஒரிஜினல் பேட்டரியை நியாயமான விலைக்கு எனக்கு விற்கட்டும். அதை விற்காததால்தான் ஒரிஜினல் என்று அச்சிட்ட டூப்ளிகேட்கள் கட்டுக் கட்டாக வருகின்றன. அவற்றில் எது எப்போது உப்பும் என்று எனக்கே தெரிவதில்லை.

நொய்யல்:
பணிமனைக்காரர் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பேட்டரி தேய்ந்துவிட்டது என்ற உண்மையையே மறைத்த நிகழ்வும் உண்டு. பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க அவற்றின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. உரியவர்களிடம் தெளிவாகச் சொல்லாததற்காக 2020இல் பிரான்சு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. எத்தனையோ பேர் கருவியே பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியிருப்பார்கள். பின்மூடி திறந்திருந்தால், முதலில் பேட்டரியைத்தான் மாற்றிப் பார்த்திருப்பார்கள்.

அளவுகோல்:
அந்த நிகழ்வில் நான் நிறுவனத்தின் பக்கம் நிற்கவில்லை. தேய்ந்த செல்லுக்குள் மின்னோட்டத்தைத் தடுக்கும் உள்தடை கூடும், செயலி ஒரே நொடியில் அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரியும், கருவி அணைந்துபோகும். ஆகவே வேகத்தைக் குறைத்தது பொறியியல் அளவில் சரியான தீர்வு. அதைச் சொல்லாமல் செய்ததுதான் தவறு.

சாலைவிளக்கு:
அப்படியென்றால் சட்டம் தலையிட வேண்டிய இடம் இதுதான் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும்.

அளவுகோல்:
கைப்பேசிகளுக்கென்று அதே ஒன்றியம் தனியாக இயற்றிய சூழல்வடிவமைப்பு விதிகளில் ஒரு விலக்கு உண்டு. 500 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 83 விழுக்காடும், 1000 முறைக்குப் பிறகு 80 விழுக்காடும் கொள்ளளவு எஞ்சியிருந்து, கருவி ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கினால், பேட்டரியைப் பயனர் மாற்ற முடியாவிட்டாலும் பழுதுபார்ப்பவர் மாற்ற முடிந்தால் போதும். இந்த விலக்கை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தினம் ஒரு முறை முழு சார்ஜ் என்று வைத்தால் 1000 சுற்று என்பது ஏறத்தாழ மூன்று ஆண்டு. அதற்குப் பிறகும் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும். பலருக்கு, எளிதில் மாற்றக்கூடிய சுமாரான பேட்டரியைவிட மாற்றத் தேவையே வராத நல்ல பேட்டரி மேல்.

சாலைவிளக்கு:
அந்த விலக்கு எனக்கும் நியாயமாகவே படுகிறது: நீடித்து உழைக்கச் செய், இல்லையேல் திறந்து கொடு. ஆனால் மாற்றத் தேவையே வராத பேட்டரி என்று ஒன்று இல்லை. அம்மா தன் கைப்பேசியை மூன்று ஆண்டு வைத்திருந்து மாற்றுகிறவர் அல்லர். பேரப்பிள்ளைகளின் படங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று ஒரு வருடம் பழகி மனத்தில் பதித்துக்கொண்டவர். ஐந்தாம் ஆண்டிலும் அதற்கு ஒரு பேட்டரி கிடைக்க வேண்டும். அதே ஒன்றியம் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நாட்டில் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று நுகர்வோர் துறை ஓர் இணையத்தளத்தைத் திறந்தது, நல்ல தொடக்கம். ஆனால் அம்மாவின் மாடலுக்கு அதனால் பேட்டரி வந்துவிடவில்லை.

ரிச்சி தெருப் பணிமனை:
ஐயா, அம்மாவின் கைப்பேசியை இனி சார்ஜில் போடாதீர்கள். அணைத்துவிட்டு, துணி, மெத்தை பக்கத்தில் வைக்காமல் தரையில் ஒரு எவர்சில்வர் தட்டில் வையுங்கள். திரையை அழுத்தி மூட முயல வேண்டாம். எடுத்து வந்தால் நானே கழற்றித் தருகிறேன். அந்த மாடலுக்குப் பேட்டரி இல்லாவிட்டாலும், அதே நீள அகலத் தடிமனில் வேறு நல்ல செல் கிடைத்தால் பழைய பலகையை அதில் ஏற்றிவிடலாம்.

அளவுகோல்:
அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பழைய பேட்டரியின் மேல் உச்ச சார்ஜ் மின்னழுத்தம் 4.35 வோல்ட் என்றோ 4.4 வோல்ட் என்றோ அச்சிட்டிருக்கும். புதிய செல்லுக்கும் அதே எண் இருக்க வேண்டும், 4.2 வோல்ட் செல்லைப் போட்டால் மீண்டும் உப்பும், அல்லது அதைவிட மோசமாகும். கழற்றியதும் அந்த எழுத்துகளைப் படம் எடுத்து இங்கே இடுங்கள். பொருத்தமான செல்லைத் தேட நானும் உதவுகிறேன்.

சாலைவிளக்கு:
சனிக்கிழமை காலை கொண்டு வருகிறேன். தட்டில் வைத்துவிட்டேன்.