புதுப்பிப்பு: 78 சுற்று அரக்குத் தட்டு உடையாமல் போய்ச் சேர்ந்தது

விற்ற 10 அங்குல கிராமபோன் தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்கு இசைத்தட்டு) வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதேபோல் விற்க இருப்பவர்களுக்காகச் செய்முறை.

எல்பி (பிற்கால வினைல் இசைத்தட்டு) துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அரக்கு அதில் கரையும். பளபளப்பு போய்த் தட்டு வெளுத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், தட்டின் ஒலி வரிகளின் போக்கிலேயே தேய்ப்பு. லேபிளில் ஈரம் படக்கூடாது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பிலுள்ள மயிரிழை விரிசல் தெரியும். ஓடவிட்டால் சுற்றுக்கொரு 'டிக்'. வாங்குபவரிடம் இதை மறைக்கவே முடியாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் (எந்தப் பதிவு என்று காட்டும் அச்சு எண்) படமெடுத்து அனுப்புங்கள்.

அரக்குத் தட்டு வளையாது, உடையும். அதனால் எல்பி உறை மட்டும் போதாது. காகித உறையிலிட்டு, 12 அங்குலச் சதுர நெளி அட்டைகளை இருபுறமும் இரண்டிரண்டாக, அட்டையின் நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்கும் நெடுக்குமாக வரும்படி வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். உள்ளே தட்டு நகரவே கூடாது. பெட்டி மூலை குத்தி விழும்போதுதான் பெரும்பாலும் விளிம்பு போகும். ஆகவே வெளிப்பெட்டியில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பஞ்சணை. குலுக்கினால் சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

அனுப்புமுன் 78 தட்டுக்கான 3 மில் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி போட்டு ஓடவிட்டு, இரண்டு பக்கத்தின் ஒலியையும் பதிந்து வைத்தாயிற்று. எல்பிக்கான மெல்லிய ஊசி வரியின் அடியில் இறங்கி இரைச்சலைத்தான் பொறுக்கும்.