ஒரே தோட்டம், ஒரே உரம்: தாம்சனில் அடி இலை மஞ்சள், மஸ்கட்டில் பொடி மணி

கேள்வி:
திராட்சைத் தோட்டம். தாம்சன் சீட்லெஸ் ரகம் எஸ்ஓ-4 வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியது. பக்கத்து வரிசைகளில் மஸ்கட் ரகம், சொந்த வேர். இரண்டுக்கும் ஒரே சொட்டுநீர், ஒரே உரம். ஏக்கருக்கு 8 டன் விளைச்சல். மூணு வருஷமா ஏக்கருக்கு 100 கிலோ சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் உரம்) போடுறோம். தாம்சனில் மணி பருக்கும்போது இலை மஞ்சளாகுது. மஸ்கட் கொத்தில் பெரிய மணியும் பொடி மணியும் கலந்து வருது. மண் பரிசோதனை: பிஹெச் 8.1, பொட்டாசியம் 320 பிபிஎம் (பத்து லட்சத்தில் 320 பங்கு), மெக்னீசியம் 90, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 'அதிகம்'. இன்னும் பொட்டாஷ் ஏத்தணுமா?

பதில் 1:
பொட்டாஷை இப்போதைக்குத் தொடாதீங்க. முதல்ல மஞ்சள் எந்த இலையில், இலையின் எந்த இடத்தில்னு சொல்லுங்க. அடி இலையின் ஓரம் கருகினா பொட்டாஷ் குறை. அடி இலையில் நரம்பு பச்சையா நின்னு இடைப்பகுதி மட்டும் வெளுத்தா மெக்னீசியம். நுனி இலை அப்படி வெளுத்தா இரும்பு.

கேட்டவர்:
அடி இலைதான். நரம்பை ஒட்டி பச்சை, நடுவில் ஆப்பு ஆப்பா மஞ்சள். மஸ்கட் நுனி இலை சிறுசா இருக்கு, காம்பு சேரும் இடத்தில் பிளவு அகலமா விரிஞ்சிருக்கு.

பதில் 1:
தாம்சனுக்கு மெக்னீசியம், மஸ்கட்டுக்கு துத்தநாகம்.

பிபிஎம் கணக்கில் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். 320 பிபிஎம் பொட்டாசியம்னா 100 கிராம் மண்ணுக்கு சுமார் 0.82 மில்லி ஈக்விவலன்ட் (எடையை விட்டு, சத்துகளை மின்னூட்டத்தை வைத்து ஒப்பிடும் அளவு). 90 பிபிஎம் மெக்னீசியம் 0.74. மெக்னீசியம் பொட்டாசியத்தைப் போல குறைந்தது இரண்டு பங்காவது இருக்கணும், இங்கே பொட்டாசியமே முந்தி, வேர் மெக்னீசியத்தை எடுக்கவிடாம தடுக்குது. எஸ்ஓ-4 இயல்பிலேயே மெக்னீசியத்தைச் சரியா இழுக்காத வேர். அதனால்தான் தாம்சனில் முதலில் தெரியுது.

ஒரு டன் பழம் ஏறக்குறைய 2.5 கிலோ பொட்டாசியத்தை எடுத்துட்டுப் போகும். 8 டன்னுக்கு 20 கிலோ, அதாவது சல்பேட் ஆஃப் பொட்டாஷா சுமார் 48 கிலோ. நீங்க போட்டது இரண்டு மடங்கு. ஒரு பருவம் நிறுத்துங்க.

பதில் 2:
மண் அறிக்கையை மட்டும் நம்பி நிறுத்துறது எனக்கு ஒப்பலை. முழுப்பூ சமயத்தில் இலைக்காம்பு சோதனை எடுங்க. அடிக்கொத்துக்கு எதிரே இருக்கும் இலை, செடிக்கு ஒண்ணு, ரகத்துக்கு 75 முதல் 100. இலைப் பரப்பை அங்கேயே கிள்ளி எறிஞ்சிட்டு காம்பை மட்டும் காகித உறையில் போடுங்க; பிளாஸ்டிக்கில் போட்டா வேர்த்து அழுகும். இரண்டு ரகத்தையும் கலந்து அனுப்பினா சராசரிதான் வரும், இரண்டுக்கும் உதவாது. பொட்டாசியம் 1.5 சதவீதத்துக்கு மேலேன்னா நிறுத்தலாம், 1-க்குக் கீழேன்னா குறை. மெக்னீசியம் 0.3-க்கு மேலே வேணும். நைட்ரேட் அளவை மட்டும் தாம்சன் அட்டவணையை வைத்து மஸ்கட்டுக்குப் பார்க்காதீங்க, ரகத்துக்கு ரகம் ரொம்ப மாறும்.

பதில் 1:
சரிதான், காம்பு சோதனை வந்த பிறகே நிறுத்தட்டும். அதுவரை தாம்சனுக்கு மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், பத்து பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூணு முறை, மாலையில் இலைக்குத் தெளிங்க. ஏற்கெனவே மஞ்சளான இலை முழுசா பச்சையாகாது, புதுசா பரவாம நின்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மஸ்கட்டுக்கு துத்தநாக சல்பேட் 5 கிராமோடு நீர்த்த சுண்ணாம்பு 2.5 கிராம், லிட்டர் தண்ணிக்கு. சுண்ணாம்பு இல்லாம அடிச்சா இலை கருகும். பூக்க இரண்டு வாரம் முன்னாடி அடிக்கணும். மணி பிடிச்ச பிறகு அடிச்சா இந்தப் பருவத்துக் கொத்துக்குப் பயனில்லை. பிஹெச் 8.1-ம் மணிச்சத்தும் சேர்ந்து மண்ணில் போடுற துத்தநாகத்தைக் கட்டிப்போடும். அதனால மணிச்சத்து உரமான டிஏபியைக் கொஞ்ச நாள் மறந்துடுங்க.

கேட்டவர்:
இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

பதில் 2:
கூடாது. அந்தச் சுண்ணாம்பு மெக்னீசியத்தைப் படிய வச்சிடும். சொட்டுநீரிலும் கால்சியம் நைட்ரேட்டை மெக்னீசியம் சல்பேட்டோட ஒரே தொட்டியில் விடாதீங்க, ஜிப்சம் படிஞ்சு சொட்டுவான் அடைச்சுக்கும்.