சிறுத்தொண்டர் படைத்த பிள்ளைக்கறி: பக்தியின் உச்சமா, அறத்தின் வீழ்ச்சியா?

மருதவாணன்:
திருச்செங்காட்டங்குடியில் பைரவ வேடத்தில் வந்த சிவன் நரமாமிசம் கேட்க, நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனை அரிந்து கறி சமைத்துப் படைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. தாய் திருவெண்காட்டுநங்கை மகனின் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பிடித்தபோது, பெற்றோர் மகிழ்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளை சிரித்ததாகச் சேக்கிழாரே எழுதுகிறார். என்ன நடக்கப்போகிறது என்றே அறியாத ஒரு குழந்தையின் உயிரைக் கொண்டு பெற்றோர் தங்கள் பக்தியை மெய்ப்பிப்பதை எந்த அறத்தால் ஏற்பது?

செங்கழுநீர்:
கதையை இறுதிவரை படியுங்கள் ஐயா. அந்தக் கறியை ஒருவரும் உண்ணவில்லை. தாம் முதலில் உண்டு காட்ட முனைந்த சிறுத்தொண்டரைப் பைரவர் தடுக்கிறார். மகனை அழைக்கச் சொல்கிறார். அவன் பள்ளியிலிருந்து வருபவனைப் போல ஓடி வருகிறான். உள்ளே திரும்பினால் பைரவரும் இல்லை, கலத்தில் கறியும் இல்லை. "தாதை அரியத் தாய்பிடிக்கும் பொழுதில் தம்மில் மனம்உவந்தே" சமைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனித்தால், இறைவன் கேட்டது ஊனை அன்று, உயிரைக் கட்டிவைக்கும் கடைசிப் பற்றை என்பது விளங்கும். பல்லவர் படையை நடத்திச் சாளுக்கியர் தலைநகரான வாதாபியை அழித்தவர் சிறுத்தொண்டர். பிறர் பிள்ளைகள் மீது வீசிய வாள் தம் வீட்டுக்குள் திரும்புவதாகவும் இதை வாசிக்கலாம், அது என் வாசிப்பு மட்டுமே.

மருதவாணன்:
குறியீடு என்பது நமக்கு, பெற்றோருக்கு அன்று. பிள்ளை மீண்டு வருவான் என்று அவர்களுக்குத் தெரியாது. விவிலியக் கதையில் ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கின் மீது ஓங்கிய கத்தியை வானதூதர் தடுத்தார், இங்கே தடுப்பார் எவருமில்லை. நிறையப் பொருள் கொடுத்தால் பிள்ளையைத் தருவார் உண்டு, ஆனால் பெற்ற பிள்ளையைத் தாமே அரிவார் இல்லை என்று சிறுத்தொண்டர் மனைவியிடம் சொல்கிறார். பிறர் பிள்ளையை விலைக்கு வாங்கும் வழியும் அவர் எண்ணத்தில் வந்துபோகிறது என்பதைப் பற்றறுத்தல் என்று விளக்க முடியுமா?

நாகை வாசகர்:
மரபு இதைப் பின்பற்றச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். "வாளால் மகவரிந்து ஊட்டவல்லேன் அல்லன்" என்று பட்டினத்தார் விலகி நிற்கிறார். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியன்று நடக்கும் அமுது படையல் விழாவில் ஊன் கலவாத கறியே படைக்கப்படுகிறது. பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதைப் பிரசாதமாக உண்கிறார்கள். கதையில் பிள்ளையை இழக்கச் செய்த உணவு, சடங்கில் பிள்ளையைத் தரும் உணவாகிவிட்டது. அந்தத் தாய்மார்களில் எவரும் கத்தியைப் பற்றி நினைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மருதவாணன்:
விழாவைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் பட்டினத்தார் தம்மால் இயலாது என்கிறாரே தவிர, செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பியதையும் அதே பாட்டில் அடுக்குகிறார். கண்ணப்பர் தந்தது தம்முடைய கண்ணை.

செங்கழுநீர்:
அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சீராளனைத் தன்னுடையவன் என்று நினைக்கும் அந்த எண்ணத்தைத்தான் கதை அறுக்கிறது என்பதில் என் கருத்து மாறவில்லை.